சுகரும் கிட்னி பிரச்சனையும் சேர்ந்து இருக்கா? லோ கார்ப் டயட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகருக்கு லோ கார்ப் நல்லதுங்கறாங்க, கிட்னிக்கு ஆகாதுங்கறாங்க. எதை நம்பறது?

ரெண்டுமே பாதி சரி. மாவுச்சத்தக் குறைச்சா சுகர் குறையும், அதுல சந்தேகமே இல்ல, சாப்பிட்டதும் ரத்தத்துல குளுக்கோஸ ஏத்தறதுல முதல் ஆள் அதுதான். ஆனா கிட்னியோட கவலை வேற. நீங்க மாவுச்சத்த எடுத்துட்டு அந்த இடத்துல என்னத்த வெக்கறீங்கங்கறதுதான் அதுக்கு முக்கியம். தட்டுல இருந்து அரிசியும் பிரெட்டும் போயி அந்த இடத்துல சிக்கன், முட்டை, சீஸ், டப்பால வர்ற பதப்படுத்தின கறின்னு குவிஞ்சா சுகர் ரிப்போர்ட் நல்லா வரும், கிட்னி ரிப்போர்ட்டும் நல்லா வரும்னு சொல்ல முடியாது. அதனால "லோ கார்ப் எடுக்கலாமா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி கிட்னி எந்த ஸ்டேஜ்ல இருக்கு, கார்புக்கு பதிலா என்ன சாப்பிடப்போறோம், என்ன மாத்திரை போட்டுட்டு இருக்கோம், இந்த மூணையும் பாக்கணும். கீழ வர்ற எல்லாமே இந்த மூணச் சுத்தித்தான்.

எனக்கு கிரியேட்டினின் நார்மல்னுதான் வந்திருக்கு. அப்போ கிட்னி நல்லாத்தான இருக்கு?

அவசியம் இல்ல. கிரியேட்டினின்ங்கறது சதைல இருந்து வர்ற கழிவு, அத கிட்னிதான் வெளியேத்தணும். கிட்னி வேலை கணிசமா குறைஞ்ச பிறகுதான் பல பேருக்கு கிரியேட்டினின் நார்மல தாண்டும், அதுவும் உடம்புல சதை கம்மியா இருக்கறவங்களுக்கு இன்னும் லேட்டாத்தான் தெரியும். பாக்க வேண்டியது ரெண்டு நம்பர். ஒண்ணு ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வேகமா வடிகட்டுதுங்கற அளவு, கிரியேட்டினின், வயசு, ஆணா பெண்ணாங்கறத வெச்சு கணக்கு போடறது. 90ம் அதுக்கு மேலயும் இருந்தா ஸ்டேஜ் 1, 60ல இருந்து 89 ஸ்டேஜ் 2, 45ல இருந்து 59 வரைக்கும் 3ஏ, 30ல இருந்து 44 வரைக்கும் 3பி, 15ல இருந்து 29 ஸ்டேஜ் 4, 15க்கு கீழ போனா ஸ்டேஜ் 5. இன்னொண்ணு யூரின்ல ஆல்புமின்ங்கற புரோட்டீன் லீக் ஆகுதான்னு பாக்கற ஏசிஆர் டெஸ்ட். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பரவால்ல, 300ஐத் தாண்டினா லீக் அதிகம்னு அர்த்தம். சுகரால வர்ற கிட்னி பாதிப்பு நிறைய பேருக்கு முதல்ல இந்த லீக்காத்தான் தெரியும், ஈஜிஎஃப்ஆர் நல்லா இருக்கும்போதே. ஈஜிஎஃப்ஆர் 60க்கு மேல இருந்து லீக்கும் இல்லன்னா, சுகர் மட்டும் இருக்கற மத்தவங்க மாதிரிதான், கீழ சொல்ற கட்டுப்பாடு பாதி உங்களுக்கு இல்ல.

ஒரு தடவ வந்த ரிசல்ட்ட வெச்சு பயப்படவும் வேண்டாம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன், கடுமையான எக்சர்சைஸ் இதெல்லாம் கூட ஆல்புமின தற்காலிகமா ஏத்தும். 3 மாசத்துக்கு மேல அப்படியே நீடிச்சாத்தான் நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்லுவாங்க.

லோ கார்ப்னா எத்தன கிராம்?

பொதுவா ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்துக்கு கீழ போனா லோ கார்ப். 20ல இருந்து 50 கிராமுக்குள்ள அடக்கினா அது கீட்டோ. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடறதாலதான் பாதி குழப்பம், ரெண்டும் வேற வேற. அளவு புரியணும்னா, ஒரு கப் வேகவெச்ச அரிசில சுமார் 45 கிராம், ஒரு ஸ்லைஸ் பிரெட்ல சுமார் 15 கிராம் இருக்கும்.

கிட்னி பாதிப்போட கீட்டோ பண்ணலாமா?

என்னக் கேட்டா, டாக்டர் கூடவே இருந்து பாத்துக்கற ஏற்பாடு இல்லாம வேண்டாம். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019ல வெளியிட்ட உணவு அறிக்கையில கிட்னி நோய் இருக்கறவங்களுக்கு மாவுச்சத்த ரொம்ப ரொம்ப குறைக்கற டயட்ட பரிந்துரைக்கல. முக்கியமான காரணம் ஆசிட். கீட்டோல உடம்பு கொழுப்ப எரிச்சு கீட்டோன் தயாரிக்குது, கீட்டோன் ஆசிட். கறி, முட்டை, சீஸ் நிறைய சாப்பிட்டா அதுவும் ஆசிட்டத்தான் சேக்கும். நல்ல கிட்னி இந்த ஆசிட்ட வெளிய தள்ளிரும். பாதிச்ச கிட்னிக்கு ஏற்கனவே அந்த வேலை சிரமம், ஆசிட்ட சமன் பண்ற பைகார்பனேட் ரத்தத்துல குறைஞ்சு மாத்திரை போட்டுட்டு இருக்கறவங்க எத்தனையோ பேர். அதுமேல இன்னும் ஆசிட்ட ஏத்தினா எலும்பும் சதையும் சேந்து கரையும். கீட்டோல கிட்னில கல்லு வர்ற வாய்ப்பும் கூடுது.

மிதமான லோ கார்ப் வேற விஷயம். ஆரம்ப ஸ்டேஜ்ல இருக்கறவங்க புரோட்டீன கட்டுக்குள்ள வெச்சுகிட்டு பண்ணினா பெரும்பாலும் பிரச்சனை இல்ல.

புரோட்டீன் எவ்வளவு எடுக்கலாம்?

டயாலிசிஸ் இல்லாம சுகரும் கிட்னி நோயும் இருக்கறவங்களுக்கு, கேடிகோங்கற சர்வதேச கிட்னி வழிகாட்டு அமைப்பு 2022ல சொன்னது உடல் எடைல கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம். 60 கிலோ எடைன்னா 48 கிராம். நோய் முத்திட்டு போற ஆபத்துல இருக்கறவங்க கிலோவுக்கு 1.3 கிராம தாண்டவே கூடாதுன்னும் அவங்க சொல்றாங்க.

48 கிராம்னா பேப்பர்ல நிறைய மாதிரி தெரியும், தட்டுல வெச்சா சட்டுன்னு முடிஞ்சுரும். ஒரு முட்டைல 6 கிராம், ஒரு கப் பால்ல 8 கிராம், வேகவெச்ச சிக்கன் 100 கிராம்ல 25ல இருந்து 30 கிராம், வேகவெச்ச பருப்பு ஒரு கப்ல கிட்டத்தட்ட 18 கிராம். காலைல ரெண்டு முட்டை, மதியம் ஒரு நல்ல சிக்கன் துண்டு, ராத்திரி ஒரு கப் பால், அவ்வளவுதான், அன்னிக்கு கோட்டா முடிஞ்சது. அரிசி, கோதுமைல இருக்கற புரோட்டீனும் இதுல சேரும், அத யாரும் எண்ணறதில்ல.

ஏன் இந்த கட்டுப்பாடுன்னா, நிறைய புரோட்டீன் உள்ள போனதும் கிட்னி வடிகட்டிக்குள்ள ரத்தம் வர்ற குழாய் விரிஞ்சு உள்ள பிரஷர் ஏறுது. சுகர் அதிகமா இருந்தாலும் இதேதான் நடக்குது. குறைஞ்ச எண்ணிக்கைல மிச்சம் இருக்கற வடிகட்டிங்க எல்லா வேலையையும் அதிக பிரஷர்ல செஞ்சு செஞ்சு அதுங்களும் சீக்கிரம் கெட்டுப்போகும். வடிகட்டி ஒருதடவ தழும்பாயிருச்சுன்னா திரும்ப வராது.

அதுக்காக புரோட்டீன ஒரேடியா அறுத்து விட்டுறாதீங்க, இது எதிர்பக்க தப்பு. கிட்னின்னு சொன்னதும் முட்டைய நிறுத்தி பருப்ப நிறுத்தி பால நிறுத்தி கடைசில கை கால் சதையெல்லாம் கரைஞ்சு போயி, சதை கரைஞ்சதால கிரியேட்டினின் குறைய, அதப்பாத்து "டயட் வேலை செய்யுது"ன்னு சந்தோஷப்படறவங்களும் இருக்காங்க.

கார்பும் குறைக்கணும், புரோட்டீனும் குறைக்கணும்னா எதைத்தாங்க சாப்பிடறது?

இதுதான் சரியான கேள்வி, இதுக்கு கணக்கு போட்டு பாத்தாத்தான் புரியும். சாப்பாட்டுல எனர்ஜி தர்றது பெரும்பாலும் மூணே மூணுதான், கார்ப், புரோட்டீன், கொழுப்பு. முதல் ரெண்டும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. 60 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு 30 கலோரி வீதம் நாளைக்கு 1800 வேணும்னு வெச்சுக்குவோம். புரோட்டீன் 48 கிராம், அதுல 192 கலோரி. கார்ப் 130 கிராம், அதுல 520. மிச்சம் 1088 கலோரி முழுக்க கொழுப்புல இருந்து வரணும், அதாவது 120 கிராம் எண்ணெய், நட்ஸ் மாதிரியான கொழுப்பு. தினமும் வருஷக்கணக்கா இத சாப்பிடறது லேசு இல்ல. கார்ப 30 கிராமுக்கு இறக்கினா கொழுப்பு 160 கிராமத் தாண்டிரும். நடைமுறைல என்ன நடக்குதுன்னா அவ்வளவு கொழுப்பு யாராலயும் சாப்பிட முடியாது, ஒண்ணு பசில புரோட்டீன் ஏறும், இல்ல மொத்த சாப்பாடே குறைஞ்சு உடம்பு தன் சதையையே எரிக்கும். ரெண்டுமே நமக்கு ஆகாது.

கார்ப 180 கிராம்ல நிறுத்தினா? கணக்குப்படி லோ கார்ப் இல்லதான், மொத்த கலோரில 40 சதவீதம். கொழுப்பு 100 கிராமுக்கு கொஞ்சம் கீழ வந்துரும், புரோட்டீன் அதே 48. கிட்னி பாதிப்பு ஸ்டேஜ் 3 தாண்டினவங்களுக்கு நான் இந்த மாதிரி நடுவழியத்தான் ஆதரிப்பேன். சர்க்கரை, ஜூஸ், மைதா இதெல்லாம் முழுசா அவுட், மிச்சம் இருக்கற கார்ப் மூணு வேளைக்கும் பிரிஞ்சு வரணும், ஒரே வேளைல கொட்டக்கூடாது. கொழுப்ப வெண்ணெய், கறிக்கொழுப்புல தேடாம ஆலிவ், கடுகு, கடலை மாதிரி எண்ணெய்கள்ல தேடுங்க, ஏன்னா கிட்னி நோய் இருக்கறவங்களுக்கு ஹார்ட் ரிஸ்க் ரொம்ப அதிகம், நிறைய பேருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போறதுக்கு முன்னாடியே ஹார்ட்தான் பிரச்சனை பண்ணும்.

எடை அதிகமா இருக்கறவங்களுக்கு கலோரி கணக்கு மாறும், அது டயட்டீஷியனோட உக்காந்து போட வேண்டியது.

பருப்பு, பீன்ஸ், நட்ஸ் எல்லாம் பாஸ்பரஸ்னு வேண்டாம்னு சொல்லிட்டாங்களே?

பழைய காலத்து லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கும். இப்ப பார்வை மாறியிருக்கு. தாவரத்துல இருக்கற பாஸ்பரஸ் பைட்டேட்டுங்கற வடிவத்துல கட்டுண்டு கிடக்கறதால பாதிகூட உடம்புல ஏறாது. பாக்கெட் உணவுல கெமிக்கலா சேக்கற பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசா ஏறிரும். அதனால பருப்பப் பாத்து பயந்துட்டு கோலா குடிக்கறதுல அர்த்தமே இல்ல. லேபிள்ல பாஸ்பேட்னு எழுதியிருக்கும், இல்லாட்டி ஈ338ல இருந்து ஈ341 வரைக்கும், ஈ450ல இருந்து ஈ452 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். பதப்படுத்தின கறி, ப்ராசஸ்டு சீஸ் ரெண்டுலயும் இது சகஜம், லோ கார்ப் பண்றவங்க அதிகமா வாங்கறதும் இந்த ரெண்டத்தான்.

பருப்புல கார்பும் இருக்கு புரோட்டீனும் இருக்கு, ரெண்டு கணக்குலயும் எழுதணும்.

பொட்டாசியம் பயமா இருக்கு. காய், பழம் எல்லாத்தையும் விடணுமா?

ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கறவங்கதான் குறைக்கணும். 3.5ல இருந்து 5க்குள்ள இருந்தா கிட்னி நோய்ங்கற ஒரே காரணத்துக்காக காய்கறிய விரட்ட வேண்டியதில்ல, நார்ச்சத்து இல்லாம மலச்சிக்கல் வந்தா அதனாலயே பொட்டாசியம் ஏறும். 5.5 தாண்டுதுன்னா சீரியஸா எடுத்துக்கணும், ரொம்ப ஏறினா இதயத்துடிப்பே தாறுமாறாகும்.

லோ கார்ப்ல சிக்கல் எங்கன்னா, பிரெட், அரிசிய எடுத்துட்டு நிரப்பச் சொல்ற ஐட்டம் பாதி பொட்டாசியம் கூடுனது. அவகாடோ, பாதாம், தக்காளி, வேகவெச்ச கீரைன்னு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய் மாதிரி காய்ல பொட்டாசியமும் அந்தளவு இல்ல, கார்பும் கம்மி, ரெண்டு பக்கமும் நல்லது. பொட்டாசியம் கூடுன காய சாப்பிட்டே ஆகணும்னா தோல சீவி சின்னதா வெட்டி நிறைய தண்ணில கொதிக்க விட்டு அந்த தண்ணிய கொட்டிருங்க. ஆவில வேகவெச்சா இந்த பலன் கிடைக்காது, கொதிச்ச தண்ணிய சூப்பா குடிச்சா செஞ்ச வேலையே வேஸ்ட்.

பிரஷருக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரையோ, ஸ்பைரோனோலாக்டோன், ஃபினெரினோன் மாத்திரையோ போடறவங்களுக்கு பொட்டாசியம் தானாவே கொஞ்சம் ஏறும். அந்த மாத்திரைங்க கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் நல்லது பண்றதுதான், அதனால பயந்து நிறுத்தாம டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டார் ஃப்ரூட் மட்டும் ஸ்டேஜ் என்னவா இருந்தாலும் தொடாதீங்க. அதுல இருக்கற ஒரு நச்சுப்பொருள நல்ல கிட்னி வெளியேத்திரும், பாதிச்ச கிட்னியால முடியாது. விடாத விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போயிருக்கு.

கீட்டோ பண்றவங்க உப்பு நிறைய சேத்துக்கோ, எலக்ட்ரோலைட் குடி, எலும்பு சூப் குடிங்கறாங்களே?

கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு சொன்னது அது. கார்ப் குறைஞ்சதும் இன்சுலின் குறைஞ்சு உடம்பு உப்பையும் தண்ணியையும் வெளிய விடுது, முதல் வாரம் எடை மளமளன்னு இறங்கறது பெரும்பாலும் இந்த தண்ணிதான். உங்களுக்கு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ள. எலக்ட்ரோலைட் பவுடர்ல பொட்டாசியம் இருக்கும். "லோ சோடியம் உப்பு"ன்னு விக்கறது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது, சோடியம் குறையுதேன்னு வாங்கி பொட்டாசியம ஏத்திக்கிட்டவங்க கதை எந்த கிட்னி டாக்டர கேட்டாலும் சொல்லுவார்.

டாபாகிளிஃப்ளோசின் / எம்பாகிளிஃப்ளோசின் போடறேன். லோ கார்ப் பண்ணலாமா?

இந்த பதிலக் கொஞ்சம் நிதானமா படிங்க. இந்த எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைங்க இன்னிக்கு சுகரால வந்த கிட்னி நோய்க்கு இருக்கற நல்ல மருந்துகள்ல ஒண்ணு, டயட்டுக்காக இத விடறது நஷ்டம். ஆனா இது குளுக்கோஸ யூரின்ல தள்ளுது, உடம்பு கீட்டோன் பக்கம் லேசா சாயுது. அந்த நேரத்துல நீங்களும் கார்ப அடியோட நிறுத்தினா ரத்தத்துல கீட்டோன் ஆசிட் ஆபத்தான அளவுக்கு ஏறற கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அதுவும் சுகர் ரொம்ப ஏறாம இருக்கும்போதே. மீட்டர்ல 160, 180ன்னு காட்டும், யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா வாங்கறது, அசாத்திய சோர்வு வந்தா மீட்டர நம்பி வீட்டுல படுத்துக்காம ஆஸ்பத்திரி போயி இந்த மாத்திரை போடறேன்னு முதல்லயே சொல்லுங்க, ரத்த கீட்டோன் பாக்க சொல்லுங்க.

வாந்தி பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், விரதம் இந்த நாட்கள்ல மாத்திரைய தற்காலிகமா நிறுத்தச் சொல்லுவாங்க, ஆபரேஷனுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். இன்சுலின் போடறவங்க இன்சுலின திடீர்னு ரொம்ப குறைக்கறதும் இதே ஆபத்துதான். ஆக இந்த மாத்திரையோட கீட்டோ வேண்டாம், மிதமா கார்ப் குறைக்கறதா இருந்தாலும் டாக்டருக்கு தெரிஞ்சிருக்கணும்.

இன்சுலின், கிளைமிபிரைடு டோஸ மாத்தணுமா?

ஆமா, டயட் ஆரம்பிக்கற அன்னிக்கே. கார்ப பாதியாக்கிட்டு பழைய டோஸையே போட்டா லோ சுகர் ஆபத்து அதிகம். கிட்னி பாதிச்சவங்களுக்கு இது இன்னும் மோசம், ஏன்னா இன்சுலின உடைச்சு வெளியேத்தறதுல கிட்னிக்கு பெரிய பங்கு, அது தளர்ந்தா போட்ட இன்சுலின் ரொம்ப நேரம் உள்ளயே சுத்தும். இன்சுலின சுரக்க வெக்கற கிளைமிபிரைடு வகைல கிளிபென்கிளமைடுங்கற பழைய மாத்திரை இன்னும் ஆபத்து, அது போட்டுட்டு இருந்தா மாத்திக்கறதப் பத்தி கேளுங்க. மெட்ஃபார்மினுக்கு விதி எளிது, ஈஜிஎஃப்ஆர் 45க்கு கீழ டோஸ் குறைப்பாங்க, 30க்கு கீழ நிறுத்திருவாங்க.

லோ சுகர் ஆனா ஆரஞ்சு ஜூஸ் குடிக்கலாமா?

பொட்டாசியம் ஏறற ஆளா இருந்தா வேண்டாம், கோலாவும் வேண்டாம். 70க்கு கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், மாத்திரையோ தண்ணில கலந்த பவுடரோ, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க.

எனக்கு சுகர் தானா குறைஞ்சிருச்சு, மாத்திரையே தேவைப்படல. கிட்னியும் சரியாகுதுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் எதிர்மாறா இருக்கும். கிட்னி மோசமாக மோசமாக இன்சுலின் உள்ள தங்குது, கிட்னி தானா குளுக்கோஸ் தயாரிக்கறதும் குறையுது, பசியும் போயிருது, சுகர் இறங்குது. போதாததுக்கு மூணு மாச சராசரி சுகர காட்டற ஹெச்பிஏ1சி வேற ஏமாத்தும், ரத்த அணுக்களோட ஆயுசு குறைஞ்சாலோ ரத்தசோகைக்கு எரித்ரோபாய்டின் ஊசி போட்டாலோ உண்மைய விட கம்மியா காட்டும். ஈஜிஎஃப்ஆர் 30க்கு கீழ போனவங்க அந்த ஒத்த நம்பர வெச்சு டயட்ட மார்க் போடாதீங்க, வீட்டு மீட்டர்ல சாப்பாட்டுக்கு முன்ன பின்ன பாக்கறதோ தோல்ல ஒட்டி சுகர தொடர்ந்து பாக்கற சிஜிஎம் சென்சாரோ நம்பகமானது.

டயட் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல கிரியேட்டினின் ஏறிருச்சு. டயட்டால கிட்னி கெட்டுப்போச்சா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்டுக்கு முந்தின ராத்திரி நிறைய கறி சாப்பிட்டிருந்தா சமைச்ச கறில இருந்தே கிரியேட்டினின் ஏறும். உடம்புல தண்ணி வத்தியிருந்தாலும் ஏறும், குறிப்பா டையூரெடிக்ங்கற யூரின் போக வெக்கற மாத்திரை, பிரஷர் மாத்திரை, கூட ஒரு வலி மாத்திரைன்னு மூணும் சேந்தா கிட்னி ஒரேயடியா படுத்துரும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீங்க. புதுசா எஸ்ஜிஎல்டி2 மாத்திரை ஆரம்பிச்சா முதல் சில வாரம் கொஞ்சம் ஏறறது எதிர்பார்த்ததுதான். சந்தேகம் தீரலன்னா கிட்னி வேலைய பாக்கற இன்னொரு ரத்த டெஸ்டான சிஸ்டாட்டின் சி கேக்கலாம், அதுக்கு கறியும் சதையும் பெருசா கணக்கில்ல.

புரோட்டீன் பவுடர்?

டயாலிசிஸ்ல இருந்து டாக்டர் எழுதிக்குடுத்தா ஒழிய வேண்டாம். கிரியேட்டின் பவுடரும் வேண்டாம்.

டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. இதே டயட்டா?

இல்ல, புரோட்டீன் கணக்கு தலைகீழா மாறுது. டயாலிசிஸ்லயே புரோட்டீன் சத்து வெளிய போறதால கிலோவுக்கு 1ல இருந்து 1.2 கிராம் வேணும். 0.8லயே பழகினவங்க கூட்ட பயப்படறாங்க, பயப்படாதீங்க. பொட்டாசியம், பாஸ்பரஸ், தண்ணி அளவு இன்னும் இறுக்கமாகும். வயித்து வழியா பண்ற டயாலிசிஸ்ல திரவத்துலயே குளுக்கோஸ் இருக்கு, அதுல நல்ல பங்கு உடம்புல ஏறும், தட்டுல கார்ப் எண்ணும்போது அதையும் சேக்கணும். குளுக்கோஸுக்கு பதிலா ஐகோடெக்ஸ்ட்ரின் இருக்கற திரவம் போடறவங்களுக்கு சில வகை மீட்டர் சுகர உண்மைய விட அதிகமா காட்டும், அத நம்பி இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து. உங்க ஸ்ட்ரிப் இதுக்கு சரியாங்கறத டயாலிசிஸ் யூனிட்ல காட்டி கேட்டுக்கோங்க.

சரி, ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல என்ன பண்ணட்டும்?

ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர், பொட்டாசியம், பைகார்பனேட், பாஸ்பரஸ் இதெல்லாம் ஒரு தடவ எடுத்துருங்க. இப்ப சாப்பிடறத எதையும் மாத்தாம மூணு நாள் எழுதுங்க, மாத்திரை பேரெல்லாம் அதே பேப்பர்ல. அத எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி, எனக்கு புரோட்டீன் எத்தன கிராம், எந்த மாத்திரைய எவ்வளவு குறைக்கணும். அப்புறம் ஒரு வேளை சாப்பாட்டுல மட்டும் கார்ப குறைச்சு ஆரம்பிங்க, ராத்திரி சாப்பாடு பொதுவா சுலபம், ஆனா ராத்திரி இன்சுலின் போடறவங்க பகல் சாப்பாட்டுல ஆரம்பிக்கறது நல்லது, தூக்கத்துல லோ சுகர் ஆனா தெரியாது. ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள பொட்டாசியமும் கிரியேட்டினினும் திரும்ப எடுத்துப் பாத்துட்டு அடுத்த வேளைக்குப் போங்க.